குரூப்பும் எட்டாளும்

இல்லாத எட்டுப் பேருக்கு ஆடு அறுக்க வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் தெரியவந்தால், இத்தனை வாரமாக இந்த ஆளையா நம்பிப் படித்தோம் என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

அந்த ஆட்டுக்கும் எனக்கும் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. நடுவில் லத்தீன் புகுந்துவிட்டது.

மழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை. போடிமெட்டைத் தாண்டிப் போனால் வரும் ஏலத் தோட்டம் ஒன்றில், காய் உலர்த்தும் ஸ்டோரைக் கழுவித் துடைத்து, பாய் விரித்து, ஒன்பது தலைவாழை இலை போட்டிருந்தோம். ஆபீசர் ஒருவர், அவரோடு வரும் எட்டாள். இலைகள் காற்றில் எழும்பாமல் இருக்க ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தம்ளர். சுவரில் ஊறிப்போன ஏலக்காய் வாசமும், அடுப்பில் கொதிக்கும் கறிக்குழம்பு வாசமும் சேர்ந்து எல்லோரையும் ஒரு மாதிரி கிறங்க வைத்துக்கொண்டிருந்தன.

வெளியே மூடுபனி. பனிக்குள் ஒச்சப்பன் கங்காணி. அவருக்குப் பின்னால் தோட்டத்து ஆட்கள் வரிசையாக, கையில் அரிவாளோடு.

விருந்துக்கும் அரிவாளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாம் நான் ஒரு வரியை வாய்விட்டுப் படித்ததால் வந்த சம்பந்தம்தான்.

என் நாற்காலி

எழுபதுகளின் பின்பாதி. மூன்றாம் வகுப்பில் தேறிய பி.ஏ. சரித்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போடியில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டத்துக்கு ஊரில் இரண்டே வேலைகள் காத்திருந்தன. ஒன்று, ஏலக்காய் வியாபாரி வேலுச்சாமி முதலாளியின் கடையில் கடிதம் வாசிக்கும் வேலை. இன்னொன்று, தேவாரம் என்கிற ஊரில் மாமா தோட்டத்தில் யானைக்குக் காவல் இருக்கும் வேலை.

"யானைக்கு இங்கிலீசு வேணாம்டா. தகரத்தைத் தட்டுனாப் போதும்," என்று அப்பா ஆறுதல் சொன்னார். எனக்கோ ஆட்டுக்கிடாவைப் பார்த்தாலே ஒதுங்கி நிற்கிற சுபாவம். முதலாளி கடையின் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வேலுச்சாமி முதலாளிக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் வடக்கே இருந்து வரும் கடிதங்கள் எல்லாம் இங்கிலீஷில்தான் வரும். முன்பு இருந்தவர்கள் கடிதத்தைத் தாங்களே படித்துப் பார்த்துவிட்டு, "சரக்கு கேக்குறான் முதலாளி," என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்களாம். முதலாளிக்கு அது பிடிக்காது.

"லெட்டருக்கு ஒரு மூஞ்சி இருக்குப்பா. மொதல்ல இங்கிலீசாவே முழுசாப் படி. அவன் சிரிச்சிக்கிட்டு எழுதிருக்கானா, மொறச்சிக்கிட்டு எழுதிருக்கானான்னு காதுல விழுந்தாத்தான் தெரியும். பொறகு தமிழ்ல சொல்லு."

சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நான் படிப்பேன். சில இடங்களில் தலையாட்டுவார். சில இடங்களில் "ம்ஹூம்" என்பார். அர்த்தம் தெரியாமலே அவர் ஆட்டிய தலை பெரும்பாலும் சரியாகவே ஆடியிருக்கிறது. அர்த்தம் தெரிந்த என் வாய்தான் தப்பாகப் போனது.

வாத்தியாரின் இருமல்

இதில் முழுப் பழியையும் நானே சுமக்க மாட்டேன். கொஞ்சத்தை எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார் தலையில் வைக்கிறேன்.

அவர் பாடம் வாசிக்கும் அழகே தனி. தங்குதடை இல்லாமல் ஓடும். ஆனால் நடுவில் புள்ளி வைத்த சின்ன எழுத்துகள் வந்துவிட்டால் அவருக்கு இருமல் வந்துவிடும். e.g. வந்தால் சின்ன இருமல். i.e. வந்தால் பெரிய இருமல். viz. வந்தால் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். பாவம், நெஞ்சுச்சளி என்று நாங்கள் நினைத்திருந்தோம். etc. ஒன்றுக்குத்தான் அவருக்கு இருமல் கிடையாது. அதை மட்டும் 'இத்யாதி இத்யாதி' என்று கையை வீசிப் பாடுவார்.

ஆக, இந்தச் சுருக்கெழுத்துகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேனே ஒழிய ஒருவர் வாயாலும் கேட்டதில்லை. கல்லூரியிலும் அதே கதை. பரீட்சைத் தாளின் தலையில், 'கவனிக்கவும்' என்பதற்கு, N.B. என்று போட்டிருக்கும். கேள்வித்தாள் தயாரித்தவருடைய இனிஷியல் அது என்று நானும் என் சிநேகிதனும் மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தோம். "இந்தத் தடவையும் அந்த என்.பி.தான்டா, கழுத்தை அறுத்துட்டான்," என்று சொல்லிக்கொண்டே வெளியே வருவோம்.

கடையில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெரிய அகராதி இருந்தது. எட்டி எடுத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். பி.ஏ. படித்தவன் முதலாளிக்கு எதிரிலேயே அகராதியைப் புரட்டினால் நாற்காலிக்கு என்ன மரியாதை? இருமவும் முடியாது. முதலாளிக்குச் சீக்காளிகளைப் பிடிக்காது. ஆகவே, எழுத்து எப்படி நின்றதோ அப்படியே தைரியமாகப் படிப்பது என்று முடிவு செய்தேன்.

அப்படித்தான் எங்கள் கடைக்குள் 'விஸ்' வந்தார்.

மூன்று தரச் சரக்கு வேண்டும், viz. இது, இது, இது என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் "விஸ்" என்று படித்தேன். முதலாளி கண்ணைத் திறக்காமல், "யாருப்பா அது?" என்றார். "பெரிய ஆபீசர் போலருக்கு முதலாளி," என்றேன். அதன் பிறகு விஸ் பல கடிதங்களில் வந்தார். பம்பாயிலிருந்து வந்தார், டெல்லியிலிருந்து வந்தார், மலைமேல் இருந்த ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் வந்தார்.

"எல்லா ஊர்லயும் இருக்காரேப்பா," என்று முதலாளி வியந்தார். "மாத்தலாகிக்கிட்டே இருப்பாரு போல. நல்ல மனுசனா இருக்கணும். நல்லவனத்தான் ஒரு எடத்துல இருக்க விட மாட்டாங்க."

அந்தத் தீபாவளிக்கு விஸ் சாருக்கென்று நல்ல பச்சைக்காய் ஒரு பொட்டலம் கட்டி வைத்தார். விலாசம் தெரியாததால் அது என் வீட்டுப் பாயசத்துக்குப் போயிற்று.

ஐயே

விஸ்ஸால் யாருக்கும் கெடுதல் இல்லை. கெடுதல் கான்பூரிலிருந்து வந்தது.

கான்பூர் சேட்டு முதலாளிக்கு வெறும் வியாபாரி இல்லை. வருடா வருடம் காய் ஏலம் எடுக்கப் போடி வந்தால் முதலாளி வீட்டில்தான் தங்குவார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. இருந்தும் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். தகர டப்பாவில் பேடா கொண்டுவருவார். முதலாளி யாருக்கும் கொடுக்காமல் அதைப் பூட்டி வைத்துத் தின்பார்.

அந்தச் சேட்டிடமிருந்து ஒரு கடிதம். உங்களுடைய கடைசிச் சரக்கு, அதாவது அந்த வெளுத்த காய், வந்து சேர்ந்தது என்பது விஷயம். அந்த 'அதாவது'க்கு அவர் i.e. என்று போட்டிருந்தார்.

நான் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். "யுவர் லாஸ்ட் லாட், ஐயே, த பேல் ஒன்…"

முதலாளி கண்ணைத் திறந்தார்.

"திரும்பப் படி."

"யுவர் லாஸ்ட் லாட், ஐயே…"

"ஐயேன்னா எழுதிருக்கான்?"

"ஆமா முதலாளி. ஐ போட்டு, ஈ போட்டு, புள்ளியும் வச்சிருக்காரு."

"நம்ம காயப் பாத்தா ஐயேங்குறான்?"

எனக்கும் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. கான்பூர்க்காரருக்கு 'ஐயே' எப்படித் தெரியும்? ஆனால் யோசித்தபோது நியாயமாகவே பட்டது. "வருசா வருசம் நம்ம ஊருக்கு வந்து போறவருதான முதலாளி. காதுல விழுந்திருக்கும்."

முதலாளியின் முகம் சின்னதாகிவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "எம் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டுப் படிச்ச வார்த்தை," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பதில் போடு. நீயும் ஐயே, உங்கப்பனும் ஐயேன்னு போடு."

போட்டேன். நல்ல காகிதத்தில், கடையின் டைப்ரைட்டரில், ஓரம் விட்டு அழகாக அடித்தேன். 'யூ ஆர் i.e. யுவர் ஃபாதர் இஸ் ஆல்ஸோ i.e. தேங்க்கிங் யூ.' நன்றி மட்டும் என் சொந்தச் சரக்கு. வியாபாரக் கடிதம் அல்லவா?

அதன் பிறகு கான்பூரிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அந்த வருட ஏலத்துக்கும் சேட்டு வரவில்லை. தபால்காரர் வந்துபோனதும் முதலாளி கேட்காத மாதிரி ஒரு கேள்வி கேட்பார்: "வடக்கேருந்து ஒண்ணும் இல்லயா?" நான் இல்லை என்பேன். காலி பேடா டப்பாவில் பேனா போட்டு வைத்திருந்தார்.

புடுங்கத்தான்

இந்த லட்சணத்தில்தான் ஆராய்ச்சி நிலையத்துக் கடிதம் வந்தது.

மெட்டுக்கு மேலே முதலாளிக்கு ஒரு சரிவு இருந்தது. புதிதாக நட்ட ஏலம், முதல் காய்ப்புக்கு வந்திருந்த சமயம். அங்கே சில தூர்களில் இலை வெளுத்துக் கோடு விழுந்திருந்தது. கட்டே நோயாக இருக்குமோ என்று பயம். கட்டே வந்தால் மருந்து கிடையாது. தூரோடு பிடுங்கிக் கொளுத்த வேண்டியதுதான். எங்கள் ஆபீசர் வெள்ளிக்கிழமை வந்து தூர்களைச் சோதிப்பார் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வரி இப்படி இருந்தது: 'ஹி வில் ஃபாலோ Kurup et al.'

குரூப் என்பது மனிதர்களுக்கு வைக்கும் பெயர் என்று போடிக்காரனுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கல்லெறிந்தால் ஒரு குரூப் மேல் விழும். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. ஆராய்ச்சி நிலையத்து டைப்பிஸ்டுக்கு 'குரூப்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு ஸ்பெல்லிங் தெரியவில்லையே என்று மனத்துக்குள் பரிதாபப்பட்டேன். பென்சில் எடுத்து Kurup என்பதை Group என்று திருத்தியும் வைத்தேன்.

அடுத்தது எட் ஆல். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எட்டால். எட்டாள். தமிழ்நாட்டுக்கு எழுதுகிறோம் என்று மரியாதையாக அந்த ஒரு வார்த்தையை மட்டும் தமிழிலேயே போட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. உண்மையில் கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனேன்.

"ஆபீசர் வர்றாரு முதலாளி. பின்னாலயே ஃபாலோ பண்ணி எட்டாள் குரூப்பு வருது."

அன்று தோட்டத்துக் கணக்குச் சொல்ல ஒச்சப்பன் கங்காணியும் வந்திருந்தார்.

"பாக்குறதுக்கு ஒத்த ஆளு போதுமே," என்றார் முதலாளி. "எட்டாளு எதுக்கு?"

கங்காணி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "புடுங்கத்தான்."

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். அவர் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததே அபூர்வம்.

"தம்பி, சரியாப் படிச்சீகளா?" என்று கங்காணி என்னைக் கேட்டார்.

"நான் பி.ஏ.ண்ணே."

"அது தெரியும். சரியாப் படிச்சீகளான்னு கேட்டேன்."

முதலாளி கையை உயர்த்தி எங்கள் இருவரையும் அடக்கினார். "வரட்டும். வர்றவுகளுக்கு மொதல்ல கறிச்சோறு போடுவோம். சாப்புட்ட கை உடனே செடியப் புடுங்காது. மீறிப் புடுங்குனா, நம்ம ஆளுகளும் நிப்பாக." பிறகு என்னைப் பார்த்தார். "எட்டாளும் வராமப் போனா, தம்பி தேவாரத்துக்குக் கெளம்பலாம்."

தேவாரம் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? அப்பாதான் சொல்லியிருக்க வேண்டும். ஊரில் எனக்காகக் கவலைப்பட ஆட்களுக்குக் குறைவே இருந்ததில்லை.

அன்று இரவெல்லாம் எட்டாளும் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். செடியைப் பிடுங்க வருகிறவர்களுக்காகப் பிரார்த்தித்த ஒரே சம்பளக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

சமரமா?

ஸ்டோருக்குத் திரும்புகிறேன். இலை போட்டாயிற்று. குரங்கணியிலிருந்து வந்த சமையல்காரர் குழம்பை இறக்கி வைத்துவிட்டார். பனிக்குள் ஒரு ஜீப்பு உறுமும் சத்தம்.

ஜீப்பு வந்து நின்றது. உள்ளே டிரைவர். பக்கத்தில் என் வயதுதான் இருக்கும், ஒல்லியாக ஒருவர். மடியில் குடை, தூக்குச்சட்டி. கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி. இறங்குவதற்கு ஒரு காலை வெளியே வைத்தவர், பனிக்குள் வரிசையாக மின்னிய அரிவாள்களைப் பார்த்தார். காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எந்தா இது? சமரமா?"

சமரம் என்றால் அவர்கள் பக்கத்தில் வேலைநிறுத்தம். அந்த நாட்களில் மலையில் ஆபீசர்களைச் சுற்றி வளைத்து உட்கார வைப்பது நடந்துகொண்டிருந்தது. அவர் பயந்ததில் தப்பில்லை.

"ஒத்த ஆளுல்ல வந்திருக்கான்," என்றார் முதலாளி என் காதருகே.

"பின்னால வருவாங்க முதலாளி. ஃபாலோ."

எல்லோரும் பாதையைப் பார்த்தோம். பனி. பனிக்குள் அசைவு. உருவங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"வந்துட்டாகய்யா," என்றார் கங்காணி. எனக்கு உயிர் வந்தது.

பக்கத்துத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள், தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கூடையோடு, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்து போனார்கள். "கலியாணமாண்ணே?" என்று ஒருத்தி கேட்டுவிட்டும் போனாள்.

இதற்குள் ஜீப்பு டிரைவர் வண்டியைப் பின்னால் எடுக்க ஆரம்பித்திருந்தார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். விருந்தாளியைச் சமாதானப்படுத்த அவருக்குத் தெரிந்த ஒரே வழி, இரண்டு பேருக்கும் தெரிந்த ஒருவரை விசாரிப்பது.

"வாங்க சார், வாங்க. விஸ் சாரு வரலீங்களா?"

"ஆரு?"

"விஸ் சாரு. ஒங்க லெட்டர்ல எல்லாம் வருவாரே."

"அப்படி ஒரு ஆளு எங்க ஆபீஸ்ல இல்லல்லோ."

"மாத்திட்டாகளா? அப்ப அந்த எட்டாளு?"

"எட்டு ஆளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆடு உயிரோடு இருந்திருந்தால் அதுவும் பார்த்திருக்கும். நான் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார். காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"இந்தப் பென்சில் ஆருடேது?"

"என்னுதுதான் சார். ஸ்பெல்லிங் தப்பா இருந்துச்சு. திருத்தினேன்."

அவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். சிரிப்பதற்கு உள்ளே இடம் போதவில்லை. பானெட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். அரிவாளோடு நின்றவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். நான் மட்டும் தேவாரத்துக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"குரூப்ங்கறது ஒரு மனுசன் சாரே," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நோய் கண்டுபிடிக்க ஒரு வழி எழுதிவச்ச ஆளு. அந்த வழியை ஞான் ஃபாலோ பண்ணும். எட் ஆல்னா லத்தீன். 'மத்தவங்களும்'னு அர்த்தம். அவரோட சேர்ந்து எழுதினவங்க."

"எத்தன பேரு?" என்றார் கங்காணி.

"ரெண்டு பேரு."

"அப்ப எட்டாளுன்னு ஏன் போட்டிருக்கு?"

ஆபீசர் பொறுமைசாலி. பெயர் மாத்யூ. மெட்டுப் பாதையில் நட்டிருந்த கல்லைக் காட்டினார். "அதுல கி.மீ.ன்னு எழுதியிருக்கு. நீங்க கிமீன்னா படிக்கிறீங்க? கிலோமீட்டர்னுதானே? அதே மாதிரி இதை வாய்விட்டுப் படிக்கறப்போ 'அண்ட் அதர்ஸ்'னு படிக்கணும்."

"நாங்க அந்தக் கல்லப் படிக்கிறதே இல்ல. எங்க எறங்கணும்னு எங்களுக்குத் தெரியும்," என்றார் கங்காணி.

பூதக்கண்ணாடி

சரிவில் ஏறினோம். முன்னால் மாத்யூ, பின்னால் முதலாளி, அவர் பின்னால் நான். அட்டை காலில் ஏறியதைக்கூட முதலாளி கவனிக்கவில்லை. மாத்யூ ஒவ்வொரு தூராகக் குனிந்து, இலையை வெளிச்சத்தில் விரித்து, கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அவர் நிமிரும்போதெல்லாம் முதலாளி மூச்சை நிறுத்திக்கொண்டார்.

ஓடையோரம் வந்ததும், "இது ரெண்டும் கட்டே. பிடுங்கிக் கொளுத்திடுங்க," என்றார் மாத்யூ. "மத்ததுக்கு நோயே இல்ல. நிழல் மரத்தை ரொம்பக் கழிச்சிட்டீங்க. வெயிலு கூடிப்போயி."

முதலாளி அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். "அப்ப சரிவு?"

"சரிவு அவிடத்தன்னே, அங்கயேதான் இருக்கும்," என்று சிரித்தார் மாத்யூ.

எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் அந்த நிமிடத்தில்தான் சனி பிடித்தது. மாத்யூ ஒரு பரீட்சை அட்டையில் காகிதத்தைச் செருகி, தான் கண்டதை எழுத ஆரம்பித்திருந்தார். எழுதும்போது வாயாலும் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம் அவருக்கு. நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கை e.g. என்று எழுதியது. வாய் 'ஃபார் எக்ஸாம்பிள்' என்றது. கை viz. என்று எழுதியது. வாய் 'நேம்லி' என்றது. விஸ் சார் என் கண் முன்னாலேயே காலமானார்.

பிறகு கை i.e. என்று எழுதியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூட முடியவில்லை.

'தட் இஸ்,' என்றது வாய்.

அதாவது, அதாவது.

கீழே ஸ்டோரில் மாத்யூ கறிச்சோற்றைத் தொடவில்லை. அவருக்கு வயிற்றுப்புண். தூக்குச்சட்டியில் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தார். ஒன்பது இலையில் ஒன்று முதலாளிக்கு. மீதி எட்டில் தோட்டத்து ஆட்கள், அரிவாளைச் சுவரோரம் சாத்திவிட்டு, முறை வைத்து உட்கார்ந்தார்கள்.

"தம்பி படிச்சது பொய்யில்லய்யா," என்றார் கங்காணி, எலும்பைக் கடித்துக்கொண்டே. "எண்ணிப் பாருங்க. எட்டாளு."

இறக்கம்

சாயங்காலம் முதலாளியின் ஜீப்பில் போடிக்கு இறங்கினோம். முதலாளி முன்னால், நான் பின்னால் காலிப் பாத்திரங்களோடு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அண்டா என் மடிக்கு வந்துவிட்டுப் போனது. கீழே போடியின் விளக்குகள் தெரிய ஆரம்பித்திருந்தன.

எட்டாள் விஷயத்தை அவர் பேசவே இல்லை. கான்பூர் விஷயத்தைப் பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் நானும் பார்த்தேன். ஆனால் அந்தப் பேனா போட்ட பேடா டப்பா கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

"முதலாளி, அந்தக் கான்பூர் லெட்டரு…"

"ம்."

"அதுல ஐயே இல்லயாம்."

திரும்பிப் பார்த்தார்.

"அதாவதுன்னு அர்த்தமாம் முதலாளி. லத்தீன்ல அப்படிச் சுருக்கி எழுதுவாங்களாம். ஒங்க கடைசிச் சரக்கு, அதாவது அந்த வெளுத்த காய், வந்து சேந்துச்சு. அவ்வளவுதான் சேட்டு எழுதுனது."

ஜீப்பு ஒரு வளைவில் திரும்பியது. அண்டா வந்துவிட்டுப் போனது.

"அப்ப நம்ம போட்ட பதிலு?"

"'நீயும் அதாவது, உங்கப்பனும் அதாவது, நன்றி'ன்னு போயிருக்கு முதலாளி."

டிரைவர் சிரித்த சிரிப்பில் ஜீப்பு பாதையின் ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. முதலாளி சிரிக்கவில்லை. முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அது சிரிப்பா, வேறு ஏதாவதா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அடிவாரத்து முந்தல் வந்தது. மலை முடிந்து வெக்கை முகத்தில் அடித்தது. இனிமேல் எனக்குத் தகரமும் தடியும் யானையும்தான் என்று முடிவு செய்துகொண்டு, பிரிவு உபசாரமாக ஏதாவது சொல்லலாமா என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"காலையில வெரசா வந்துரு," என்றார் முதலாளி, ரோட்டைப் பார்த்தபடியே. "கான்பூருக்கு ஒரு லெட்டர் போடணும்."

நாற்காலி! என் நாற்காலி! மடியிலிருந்த அண்டாவை அப்படியே கட்டிக்கொண்டேன். சந்தோஷத்தில் என் பழைய சுறுசுறுப்பு திரும்பிவிட்டது.

"என்னன்னு எழுதட்டும் முதலாளி?"

வேலுச்சாமி முதலாளி ஜீப்பு சீட்டில் சாய்ந்து, கடிதம் கேட்கும்போது மூடுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பதில எழுதுனவன்தான் ஐயேன்னு எழுது."